டெர்பியை ஜெயித்த கலப்புக் குதிரை: ஜெர்ஸி விதியின் 36 வருடங்கள்

1914-ம் ஆண்டு எப்சம் டெர்பியை ஜெயித்த குதிரையின் பெயர் தர்பார். பிரான்ஸில் பிறந்தது, உரிமையாளர் ஹெர்மன் துர்யே என்ற அமெரிக்கர். டெர்பி என்பது இங்கிலாந்தில் 1780 முதல் நடக்கும் பந்தயம், மூன்று வயதுத் தரோப்ரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம்) குதிரைகளில் எது பெரிய ஆள் என்று பார்ப்பதற்காகவே ஏற்பட்டது. அதில் முதலாவதாக வந்த தர்பார், இங்கிலாந்தின் வம்சப் பதிவேட்டுக் கணக்கில் தரோப்ரெட்டே இல்லை. கலப்பு. ஓடலாம், ஜெயிக்கலாம், பரிசுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம், ஆனால் 'ஜெனரல் ஸ்டட் புக்'கில் அதன் பெயர் ஏறாது, அதற்குப் பிறக்கும் குட்டிகளின் பெயரும் ஏறாது.

அதற்கு 7 வருடம் முன்பு, 1907-ல், இதே டெர்பியை ஆர்பி என்ற குதிரை ஜெயித்திருந்தது. ஆர்பியின் தாய் அமெரிக்காவில் பிறந்தவள். ஆர்பி, தர்பார் இரண்டின் தாய்வழியிலும் கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தால் ஹானோவர் என்ற ஒரே அமெரிக்கப் பொலிகுதிரை நிற்கும். ஆனால் ஆர்பி சுத்தம், தர்பார் கலப்பு.

ஒரே பாட்டன், இரண்டு முடிவு, நடுவில் 1913-ல் அந்தப் பதிவேட்டுக்கு வந்த ஜெர்ஸி விதி. இது எப்படி நடந்தது என்று தோண்டிப் பார்த்தால், குதிரையைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிடப் பதிவேடுகளைப் பற்றித்தான் அதிகம் தெரிகிறது.

முதலில் அந்தப் புத்தகம்

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத்தில் பெரும் பணம் புழங்கியது. பணம் புழங்கும் இடத்தில் பொய்யும் புழங்கும் இல்லையா, "இது இன்னாருடைய பேரன்" என்று சொல்லி எந்தக் குதிரையையும் விற்றார்கள். போலி வம்சாவளிகள் பெருகியதால் அதைத் தடுக்க ஒரு தொகுப்பு வேண்டும் என்று வெதர்பி குடும்பத்தார் கிளம்பினார்கள். 1791-ல் ஒரு முன்னோட்டத் தொகுப்பும், 1793-ல் முதல் தொகுதியும் வந்தன. பழைய பந்தயப் பட்டியல்கள், பண்ணைக் கணக்குகள், ஏல விளம்பரங்கள் என்று கிடைத்ததையெல்லாம் வைத்துத் தொகுத்ததுதான் ஜெனரல் ஸ்டட் புக். இன்று வரை அது வெதர்பி நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அரசாங்கப் பதிவேடு கிடையாது, ஒரு தனியார் குடும்பத்தின் புத்தகம்.

நம்மூரில் நிலம் வாங்கப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். யாரிடமிருந்து யார் வாங்கினார், அவருக்கு யார் விற்றார் என்று மூலப்பத்திரம் வரைக்கும் சங்கிலி அறுபடாமல் போக வேண்டும், நடுவில் ஒரு பத்திரம் காணவில்லை என்றால் வக்கீல் உதட்டைப் பிதுக்குவார். ஸ்டட் புக்கும் அப்படித்தான். இந்தக் குதிரைக்கு அப்பன் ஆத்தா யார், அவற்றுக்கு யார், அவற்றுக்கு யார் என்று போய்க்கொண்டே இருக்கும் ஓர் இடத்தில் சங்கிலி நின்றாக வேண்டும். அந்த முதல் ஆளுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தது யார்?

யாரும் இல்லை. இன்று உலகில் உள்ள எல்லாத் தரோப்ரெட்களும் தந்தைவழியில் மூன்று பொலிகுதிரைகளில் போய் முடிகின்றன: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கடால்ஃபின் அரேபியன். முதலாவது, கேப்டன் ராபர்ட் பையர்லி 1690-ல் அயர்லாந்தின் பாய்ன் போரில் ஓட்டிய போர்க்குதிரை. இரண்டாவது, 1704-ல் சிரியாவின் அலெப்போவிலிருந்து தாமஸ் டார்லி அனுப்பியது. மூன்றாவது பாரிஸ் வழியாக வந்தது. பெயரிலேயே பாருங்கள், ஒன்று துருக்கி, இரண்டு அரேபியா என்று வந்த திசையை வைத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், ஏனென்றால் அதற்கு மேல் யாரிடமும் ஆவணம் இல்லை. பெண் குதிரைகளின் பக்கம் இன்னும் மோசம். பல வம்சங்களின் தலையில் பெயரே கிடையாது, "ஒரு ராயல் மேர்" (அரச லாயத்துப் பெண் குதிரை), "இன்னாருடைய மகளான ஒரு குதிரை" என்ற அளவோடு வரி முடிந்துவிடும். இந்தப் பெயரில்லாக் குதிரைகளெல்லாம் பரிசுத்தம் என்று ஆனது எதனால் என்றால், புத்தகம் எழுத உட்கார்ந்தபோது அவை ஏற்கெனவே அங்கே இருந்தன. அவ்வளவுதான்.

லெக்சிங்டன்

இப்போது அமெரிக்கா. 1850-ல் கென்டக்கியில் பிறந்த லெக்சிங்டன் என்ற குதிரை இல்லாமல் இந்தக் கதை இல்லை. 7 பந்தயம் ஓடி 6-ல் ஜெயித்தது, கண் பார்வை போனதால் பந்தயத்திலிருந்து விலகியது, பிறகு ராபர்ட் அலெக்சாண்டர் என்பவர் 15,000 டாலருக்கு வாங்கி உட்பர்ன் பண்ணையில் பொலிகுதிரையாக வைத்தார். அங்கேதான் அதன் இரண்டாவது வாழ்க்கை. அதிகப் பரிசுப் பணம் சம்பாதித்த குட்டிகளின் தகப்பன் என்ற பட்டியலில் 16 வருடம் முதலிடம். 16! இன்று வரை அமெரிக்காவில் எந்தக் குதிரையும் அதை நெருங்கவில்லை. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் நல்ல குதிரை என்று ஒன்றைக் காட்டினால் அதில் லெக்சிங்டன் ரத்தம் எங்கேயாவது இருக்கும்.

பிரச்சினை என்னவென்றால் லெக்சிங்டனின் சங்கிலியில் ஓட்டை இருந்தது. அதன் முன்னோர்களில் சில பெண் குதிரைகளை இங்கிலாந்துப் புத்தகம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. கடல் கடந்து வந்து காடு திருத்திக்கொண்டிருந்த ஊரில் யார் குதிரைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்? போதாக்குறைக்கு 1861-ல் உள்நாட்டுப் போர் வந்தது. பண்ணைகள் சூறையாடப்பட்டன, குதிரைகள் ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டன, கையெழுத்துக் கணக்குகள் எரிந்தன. கண் தெரியாத லெக்சிங்டனையே கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து 1865-ல் இலினாய் மாநிலத்துக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். சாண்டர்ஸ் புரூஸ் என்பவர் அமெரிக்க ஸ்டட் புக்கின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தது 1868-ல், அதாவது இவ்வளவும் எரிந்து முடிந்த பிறகு. மிச்சம் இருந்ததை வைத்து எழுதினார். இங்கிலாந்து அளவுகோலில் பார்த்தால் அதில் ஓட்டை இல்லாத பக்கம் குறைவு.

ரொம்ப நாள் இது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. அமெரிக்கக் குதிரைகள் ஒன்றிரண்டு இங்கிலாந்துக்குப் போகும், ஓடும், சில ஜெயிக்கும், சில அங்கேயே தங்கிப் புத்தகத்திலும் ஏறிவிடும்.

குதிரைகள் கப்பல் ஏறிய காலம்

1908-ல் நியூயார்க் மாநிலத்தில் ஹார்ட்-ஆக்னியூ சட்டம் வந்தது. பந்தயத்தில் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம், கவர்னர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் முன்னின்று கொண்டுவந்தது. பெட்டிங் போனால் கூட்டம் போகும், கூட்டம் போனால் பரிசுப் பணம் போகும். 1910-ல் இன்னொரு சட்டம் வந்து, மைதானத்துக்குள் யாராவது பந்தயம் கட்டினால் மைதான நிர்வாகிகளே பொறுப்பு என்றது. அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள். 1911, 1912 இரண்டு வருடமும் நியூயார்க்கில் பந்தயமே இல்லை. வேறு பல மாநிலங்களிலும் இதே காற்று.

தீனி தின்னும் சொத்தைச் சும்மா கட்டி வைக்க யாராலும் முடியாது. 1908-க்கும் 1913-க்கும் இடையில் 1,500-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குதிரைகள் வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறின, பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு. துர்யே மாதிரியானவர்கள் பண்ணையையே பெயர்த்துக்கொண்டு போய் பிரான்ஸின் நார்மண்டியில் இறக்கினார்கள்.

இங்கிலாந்துப் பண்ணைக்காரர்கள் பக்கம் இருந்து இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். உங்கள் தொழிலே வம்சாவளி விற்பதுதான். பந்தயத்தில் கிடைக்கும் பரிசு ஒரு தரம், பொலி கட்டணம் வருடா வருடம். நூறு வருடமாகச் சேர்த்த பேரும் கணக்கும் உங்கள் மூலதனம். திடீரென்று அடிமாட்டு விலைக்கு நூற்றுக்கணக்கில் நல்ல குதிரைகள் துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன, அதுவும் நன்றாக ஓடும் குதிரைகள். சந்தை என்ன ஆகும்?

1913

இந்த நேரத்தில்தான் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் இங்கிலாந்து ஜாக்கி கிளப்பின் மூத்த ஸ்டூவர்டாக (தலைமை நிர்வாகி) இருந்த ஏழாவது ஜெர்ஸி பிரபு விஷயத்தைக் கையில் எடுத்தார். அந்த வருட ஸ்டட் புக் தொகுதியில் புது விதி வந்தது. சாரம் இதுதான்: இந்தத் தேதிக்குப் பிறகு எந்த ஆண் குதிரையோ பெண் குதிரையோ புத்தகத்தில் சேர வேண்டும் என்றால், தாய் தந்தை இரண்டு பக்கத்திலும், இந்தப் புத்தகத்தின் முந்தைய தொகுதிகளில் ஏற்கெனவே ஏற்கப்பட்ட குதிரைகள் வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் வம்சாவளி போய்ச் சேர வேண்டும்.

இதைத்தான் 'ஜெர்ஸி ஆக்ட்' என்கிறார்கள். முதலில் படித்தபோது நாடாளுமன்றச் சட்டம் என்றே நினைத்தேன், இல்லை. ஒரு கிளப்பின் தீர்மானம், ஒரு தனியார் புத்தகத்தின் முன்னுரையில் வந்த ஒரு வாக்கியம். 'ஆக்ட்' என்பது வெறுப்பில் வெளியாட்கள் ஒட்டிய பட்டப்பெயர். (ஜெர்ஸி என்றதும் நம்மவர்களுக்கு மாடுதான் நினைவுக்கு வரும். அதே ஜெர்ஸிதான், பிரபுவின் பட்டம் அந்தத் தீவின் பெயரில் வந்தது. அந்தத் தீவும் 1789-ல் வெளிமாடுகளை உள்ளே விட மாட்டோம் என்று சட்டம் போட்டு 2008 வரை அதைக் கட்டிக் காத்தது. ஏதோ அந்தப் பெயருக்கே ஒரு ராசி.)

விதியின் வாசகத்தில் அமெரிக்கா என்ற சொல்லே கிடையாது. தேவையும் இல்லை. "எங்கள் புத்தகத்தின் முந்தைய தொகுதிகள்" என்றாலே வேலை முடிந்தது. அமெரிக்க ஸ்டட் புக்கில் இருந்த கணிசமான குதிரைகள், குறிப்பாக லெக்சிங்டன் ரத்தம் உள்ளவை, ஒரே வரியில் கலப்பு ஆகிவிட்டன. ஆங்கிலத்தில் 'ஹாஃப்-பிரெட்' என்றார்கள். பாதி ரத்தம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆறாவது தலைமுறையில் ஒரே ஒரு பாட்டிக்குப் பத்திரம் இல்லை என்றாலும் அதே முத்திரைதான்.

இன்னொன்று, விதி முன்தேதியிட்டு அமலாகவில்லை. ஏற்கெனவே புத்தகத்தில் ஏறியவர்கள் ஏறியவர்கள்தான், அவர்களுடைய சந்ததியும் அப்படியே. முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

ஆர்பியும் தர்பாரும், ஒரு கணக்கு

ஆர்பியின் தாய் ரோடா பி. அவளுடைய தகப்பன் ஹானோவர். ஹானோவரின் தகப்பன் ஹிண்டூ (ஆமாம், குதிரையின் பெயரே அதுதான்). ஹிண்டூவின் தாய் ஃப்ளோரன்ஸ். ஃப்ளோரன்ஸின் தகப்பன் லெக்சிங்டன். ஆர்பியிலிருந்து எண்ணினால் லெக்சிங்டன் ஐந்தாவது தலைமுறை, அதாவது இந்த ஒரு வழியில் மட்டும் 32-ல் ஒரு பங்கு.

தர்பாரின் தாய் ஆர்மீனியா. அவளுடைய தாய் யுரேனியா. யுரேனியாவின் தகப்பன் அதே ஹானோவர். அதற்கு மேல் அதே சங்கிலி. ஒரு படி கூடுதல் என்பதால் லெக்சிங்டன் ஆறாவது தலைமுறை, இந்த வழியில் 64-ல் ஒரு பங்கு.

அதாவது ஹானோவர் வழியில் பார்த்தால், சுத்தம் என்று முத்திரை வாங்கிய ஆர்பிக்கு, கலப்பு என்று முத்திரை வாங்கிய தர்பாரைவிட லெக்சிங்டன் ரத்தம் இரண்டு மடங்கு. வித்தியாசம் ஆர்பி 1913-க்கு முன்பே புத்தகத்துக்குள் வந்துவிட்டது, தர்பார் பிரெஞ்சுப் புத்தகத்தில் இருந்தது. ஆர்பியின் மகன் கிராண்ட் பரேட் 1919-ல் டெர்பி ஜெயித்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்ல முடியாது, புத்தகத்தில் பெயர் இருக்கிறதே.

இதைவிட அழகான உதாரணம் மும்தாஜ் மஹால். ஆகா கான் 1922-ல் 9,100 கினிக்கு (பழைய ஆங்கிலேய நாணயக் கணக்கு) வாங்கிய சாம்பல் நிறப் பெண் குட்டி, அந்தக் காலத்தின் அதிவேகக் குதிரைகளில் ஒன்று, இன்றும் இங்கிலாந்தில் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொன்னால் குரல் மாறும் என்கிற வகை. அதன் தாய் லேடி ஜோசஃபின், அவளுடைய தாய் அமெரிக்கஸ் கேர்ல், அவளுடைய தகப்பன் அமெரிக்கஸ். பெயரே சொல்கிறது எந்த ஊர் என்று. அமெரிக்கஸின் தகப்பன் எம்பரர் ஆஃப் நார்ஃபோக், அவன் தகப்பன் நார்ஃபோக், அவன் தகப்பன் யார்? லெக்சிங்டன். எண்ணிப் பாருங்கள், ஆறாவது தலைமுறை, 64-ல் ஒரு பங்கு, தர்பாருக்குச் சொன்ன அதே பின்னம். மும்தாஜ் மஹால் இங்கிலாந்துத் தரோப்ரெட் வளர்ப்பின் மணிமகுடம், தர்பார் கலப்பு. அமெரிக்கஸ், ஆர்பி இரண்டையும் வைத்திருந்தவர் ரிச்சர்ட் குரோக்கர், நியூயார்க்கின் டாமனி ஹால் அரசியலில் கொடிகட்டிப் பறந்துவிட்டு அயர்லாந்தில் போய் உட்கார்ந்த ஆள். நேரத்துக்குக் கடல் தாண்டியது அவருடைய குதிரைகளுக்கு நல்லதாகப் போயிற்று.

அப்படியானால் இந்த விதி தடுத்தது எதை? லெக்சிங்டனின் ரத்தத்தை இல்லை, அது ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தது. தடுத்தது 1913-க்குப் பிறகு வரும் வியாபாரத்தை. ஜெர்ஸி பிரபுவின் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல நான் ஆள் இல்லை, அவரும் அவர் சகாக்களும் சுத்தத்தை உண்மையிலேயே நம்பியிருக்கலாம். ஆனால் ரத்தம்தான் கவலை என்றால் உள்ளே இருந்ததையும் வெளியே எடுத்திருக்க வேண்டும், அதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இது சந்தைப் பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால் அதே 1913-ல் நியூயார்க்கில் பந்தயம் மறுபடி தொடங்கிவிட்டது. வெள்ளம் வடிய ஆரம்பித்த வருடத்தில் அணை கட்டினார்கள், அந்த அணை 36 வருடம் நின்றது.

அணைக்கு அந்தப் பக்கம்

விதி வந்த மறு வருடமே தர்பார் டெர்பி ஜெயித்தது முதல் அடி. அடுத்தடுத்த அடிகள் மெதுவாக வந்தன.

துர்யே 1916-ல் இறந்தார். தர்பாரின் மகள் துர்பன், பிரெஞ்சு ஜவுளி முதலாளி மார்செல் புசாக்கிடம் வந்து சேர்ந்தாள். துர்பனின் மகன் தூர்பியோன் 1931-ல் பிரெஞ்சு டெர்பி ஜெயித்தான், பிறகு பிரான்ஸின் முதல்தரப் பொலிகுதிரை ஆனான். தூர்பியோனின் மகன் ஜெபல் 1940-ல் இங்கிலாந்துக்கே வந்து 2000 கினீஸ் பந்தயத்தை ஜெயித்தான், 1942-ல் பாரிஸில் ஆர்க் பந்தயத்தையும் ஜெயித்தான். மூன்று தலைமுறை. இங்கிலாந்துப் புத்தகத்தில் மூன்றும் கலப்பு.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் 1917-ல் மேன் ஓ' வார் பிறந்தது. 21 பந்தயம், 20 வெற்றி. அமெரிக்காவில் இன்றும் "எந்தக் குதிரை பெரியது" என்று சண்டை போட்டால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று. அதற்கும் லெக்சிங்டன் வழி உண்டு, ஆகவே அதுவும் கலப்பு. இங்கே கொஞ்சம் நின்று யோசித்தால் சிரிப்பு வருகிறது: தரோப்ரெட் என்பதே வேகத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த குதிரை, அந்த வேகத்தில் உச்சிக்குப் போன குதிரை தரோப்ரெட் இல்லை என்று ஒரு தாள் சொல்கிறது.

அமெரிக்கர்கள் சும்மா இருக்கவில்லை. வில்லியம் வுட்வர்ட், நியூயார்க் ஜாக்கி கிளப்பின் தலைவராக 1930 முதல் 1950 வரை இருந்தவர், விதியை எடுக்கச் சொல்லி விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சோடு நிற்காமல் தன் குதிரைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி ஓடவிட்டார். நல்ல உத்தி. வாதம் செய்து ஜெயிக்க முடியாத இடத்தில் ஓடி ஜெயிக்கலாம் என்று நினைத்திருப்பார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கணக்குத் தீர்ந்தது. 1948-ல் 2000 கினீஸ் ஜெயித்தது மை பாபு, ஜெபலின் மகன், உரிமையாளர் பரோடா மகாராஜா. அதே வருடம் ஆஸ்காட் கோல்ட் கப் ஜெயித்தது ஆர்பார், அதுவும் ஜெபலின் மகன். செயின்ட் லெஜர் ஜெயித்தது பிளாக் டார்குவின், வுட்வர்டின் குதிரை, தாய்வழியில் மேன் ஓ' வார் ரத்தம். ஒரே வருடத்தில் இங்கிலாந்தின் பெரிய பந்தயங்களில் மூன்று, புத்தகத்தில் இடமில்லாத குதிரைகளுக்குப் போயின. இனி புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் உலகின் சிறந்த பந்தயக் குதிரைகள் இல்லாத பந்தயக் குதிரைப் பதிவேடு என்று ஆகிவிடும், அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

1949-ல் விதியை எடுத்தார்கள். புதிதாக வந்த வாசகம் வேறு மாதிரி: சேர வரும் குதிரை எட்டு, ஒன்பது தலைமுறைக்குச் சுத்த ரத்தத்தோடு சேர்ந்து வந்திருப்பதைக் காட்ட வேண்டும், குறைந்தது நூறு வருடம் பின்னால் போக வேண்டும், ரத்தம் சுத்தம்தான் என்று நம்பும் அளவுக்கு நெருங்கிய சொந்தங்கள் பந்தயத்தில் ஓடிக் காட்டியிருக்க வேண்டும்.

கடைசிப் பகுதியை இன்னொரு தரம் படியுங்கள். சுத்தத்துக்குச் சாட்சி வேகம்! சொந்தக்காரன் நன்றாக ஓடினான், ஆகவே இவன் ரத்தம் சுத்தமாகத்தான் இருக்கும். 36 வருடம் நடந்த வாதத்தில் இதைத்தானே அமெரிக்கர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

5 வருடம் கழித்து, 1954-ல், 18 வயது லெஸ்டர் பிக்கட் ஓட்டி நெவர் சே டை டெர்பி ஜெயித்தது. அமெரிக்காவில் பிறந்த குதிரை. தாயின் தகப்பன் வார் அட்மிரல், வார் அட்மிரலின் தகப்பன் மேன் ஓ' வார். தகப்பன் நஸ்ருல்லா, அதாவது மும்தாஜ் மஹாலின் மகள் வயிற்றுப் பேரன். ஒரு பக்கம் பழைய விதிப்படி சுத்தமான லெக்சிங்டன் ரத்தம், இன்னொரு பக்கம் பழைய விதிப்படி கலப்பான லெக்சிங்டன் ரத்தம், இரண்டும் ஒரே குதிரைக்குள். அதன் பெயரைத் தயக்கமில்லாமல் புத்தகத்தில் எழுதினார்கள்.

இன்றைய விதி

இப்போது சர்வதேச அளவில் இருக்கும் விளக்கம் எளிமையாக இருக்கும், கொஞ்சம் சுற்றும்: சர்வதேச ஸ்டட் புக் கமிட்டி அங்கீகரித்த தரோப்ரெட் பதிவேடு ஒன்றில் பதிவான குதிரையே தரோப்ரெட். நம்மூர்ப் பந்தயங்களில் ஓடுவதும் இந்த வகைதான், இந்தியப் பதிவேடும் அந்த அங்கீகாரத்துக்குள் வருகிறது. வெளியிலிருந்து ஒரு வம்சம் உள்ளே வர வழி உண்டு. தொடர்ந்து எட்டுத் தலைமுறை தரோப்ரெட்டோடு சேர வேண்டும், தரோப்ரெட்கள் ஓடும் பந்தயங்களில் தகுதி காட்ட வேண்டும், அப்புறம் கமிட்டி ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தலைமுறைக்குப் பத்து வருடம் என்று வைத்தால்கூட எண்பது வருடம். இன்று ஆரம்பிக்கிறவர் பேரன்தான் விண்ணப்பம் போடுவான். மேலும் இயற்கையாகச் சேர்ந்து, பெற்ற தாயின் வயிற்றிலேயே வளர்ந்த குட்டியாக இருக்க வேண்டும். செயற்கைக் கருவூட்டல், கருமாற்றம், குளோனிங் எதுவும் கூடாது.

மற்றப் பதிவேடுகள் வேறு வேறு வழியில் போகின்றன. அரபுக் குதிரைகளுக்கான உலக அமைப்பு, "எங்கள் பட்டியலில் உள்ள பதிவேடுகளில் இருப்பதே தூய அரபுக் குதிரை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறது. பாலைவனம், பெதுயின், ரத்தம் என்றெல்லாம் விளக்கம் எழுதப் போய் ஒவ்வொரு நாட்டோடும் சண்டை போடுவதைவிட அது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். 1940-ல் தொடங்கிய அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் (குறைந்த தூரம் ஓடும் ஓர் அமெரிக்க இனம்) சங்கம் நேர் எதிர், தரோப்ரெட் கலப்பை ஒரு பின்னிணைப்பில் பதிவு செய்து, போட்டியில் தகுதி காட்டினால் முழுப் பதிவுக்கு ஏற்றுகிறது. ஆனால் அதே சங்கம் குளோன்களை ஏற்க மறுத்தது. லின்க்ஸ் மெலடி என்ற குதிரையின் குளோனுக்காக டெக்சாஸில் இரண்டு வளர்ப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள், 2013-ல் ஜூரி அவர்கள் பக்கம் நின்றது, 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பதிவான குதிரையின் அணுவுக்கு அணு நகல், பதிவு கிடையாது. பாதி தரோப்ரெட் உள்ளே, முழு நகல் வெளியே.

கடைசியாக, எலும்புகள்

இவ்வளவு நேரம் புத்தகத்தில் எழுதியிருப்பது உண்மை என்று வைத்துக்கொண்டு பேசினோம். அதுவும் பரீட்சைக்கு வந்தது.

2012-ல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து, குறைந்த தூர வேகத்தோடு தொடர்புள்ள மையோஸ்டேட்டின் (தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது) மரபணு வடிவம் தரோப்ரெட்டுக்குள் எப்படி வந்தது என்று தேடினார்கள். சுமார் 300 வருடம் முன்பு ஒரே ஒரு குதிரை வழியாக, பெரும்பாலும் பிரிட்டிஷ் மண்ணின் நாட்டுப் பெண் குதிரை ஒன்றின் வழியாக வந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கீழ்த்திசைப் பொலிகுதிரைகள் கொடுத்ததாகப் பெருமை பேசிய வேகத்தில் ஒரு முக்கியப் பங்கு, பெயர்கூட எழுதப்படாத நாட்டுக் குதிரையுடையது.

அடுத்தது பெண்ட் ஆர். 1880 டெர்பி வெற்றியாளர், வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்கின் பண்ணை. ஜெயித்த கையோடு ஒரு புகார் எழுந்தது: இது பெண்ட் ஆரே இல்லை, அதே பண்ணையின் டாட்காஸ்டர் என்ற குதிரை, குட்டியாக இருந்தபோதே இரண்டும் மாறிவிட்டன என்று. சொன்னது அந்தப் பண்ணையில் முன்பு வேலை பார்த்தவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் வேறு. ஜாக்கி கிளப் விசாரித்துப் புகாரைத் தள்ளுபடி செய்தது. பெண்ட் ஆரின் எலும்புக்கூடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 130 வருடம் கழித்து அந்த எலும்பிலிருந்து தாய்வழி டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். பெண்ட் ஆரின் தாய் என்று புத்தகம் சொல்லும் ரூஜ் ரோஸின் வழியோடு அது பொருந்தவில்லை. டாட்காஸ்டரின் தாய் கிளெமென்ஸின் வழியோடு பொருந்தியது. வேலையை விட்டு நீக்கப்பட்ட ஆள் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பெண்ட் ஆர் சாதாரணக் குதிரை இல்லை. அதன் மகன் போனா விஸ்டா, அவன் மகன் சிலீன், அவன் மகன் பாலிமெலஸ், அவன் மகன் ஃபலாரிஸ் என்று போகும் வழியில்தான் இன்றைய தரோப்ரெட்களின் பெரும்பகுதி தந்தைவழியில் போய்ச் சேர்கிறது. "ஒரு குறையும் இல்லாமல்" என்று 1913-ல் எழுதியபோது, அவர்கள் கையில் இருந்த புத்தகத்தின் நடு மரத்திலேயே தாயின் பெயர் மாறியிருந்தது. ஆனால் இதனால் எந்தக் குதிரையின் பதிவுக்கும் ஆபத்து இல்லை. டாட்காஸ்டருக்கும் தகப்பன் அதே டான்காஸ்டர்தான், கிளெமென்ஸும் புத்தகத்தில் இருப்பவள்தான்.